பத்தாம் அறையில் ஒரு ஆணி

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்திரண்டு வருடம் நர்சுகள் விடுதியில் வார்டனாக இருந்தவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? அங்கே ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தேன். மூன்று மாடி, பதினான்கு அறைகள். தெருவில் படுத்துக்கிடந்தவர்களுக்கு ஆளுக்கொரு அறையும் சாவியும் கொடுத்து, அவர்கள் காலூன்றும் வரை கூடவே நிற்கிற வீடு இது. டாக்டரிடம் கூட்டிப்போவது, தொலைந்துபோன காகிதங்களைத் திரும்ப வாங்கித் தருவது, வேலை தேடித் தருவது, இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எல்லா அறைகளின் மாற்றுச் சாவியும் என் இடுப்பில் தொங்குவதால் எனக்குச் சாவியம்மா என்று பெயர். வைத்தவர் ஒன்பதாம் அறை கண்டக்டர். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பழைய கட்டடம். ஒரு ஆணி அடித்தால் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழும். விடுதியில் இருந்தபோது ஒரு பெண் கண்ணாடி மாட்ட ஆணி அடித்தாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்தால்கூட உட்காரவைத்துப் பேசுவேன். ஆணி என்றால் மட்டும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது பத்தாம் அறைக்காரரைப் பற்றி. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் பட்டாளம்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவரைக் கண்டுபிடித்தது என் தங்கை. அவள் பஸ் நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அங்க எனக்கு யாரோ பாடம் எடுக்கறாங்க."

"என்னடி பாடம்?"

"பார்சல் ரூமுக்குப் பின்னால ஒரு மூலை இருக்கு. நிலையம் பூரா நான்தான் கூட்டறேன். நான் கூட்டின இடத்தைவிட நான் தொடாத அந்த மூலை சுத்தமா இருக்கு. தினமும்! சூப்பர்வைசர் என்னைக் கூட்டிட்டுப் போய் அதைக் காட்டி, 'இப்படிக் கூட்டணும்'ங்கறார். எனக்கு எப்படி இருக்கும்?"

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஒரு நாள் சீக்கிரமே போய் ஒளிந்து பார்த்திருக்கிறாள். ஒரு மனிதர் எழுந்தார். படுத்திருந்த அட்டையை மடித்துச் சுவர் இடுக்கில் செருகினார். ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். பிறகு பின்பக்கமாகவே நடந்து, தன் காலடியையும் துடைத்துக்கொண்டே வெளியே போனார். ஆறு வருடமாக அவர் அங்கேதான் படுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வருடா வருடம் ஆட்கள் போவார்கள். ஒரு வருடம்கூட அவர் பட்டியலில் வரவில்லை.

நான் போய்ப் பேசினேன். மூன்று தடவை வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், "பரவாயில்ல மேடம், வேற யாருக்காவது குடுங்க" என்று. நாலாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வேணாம்னா விடுங்க. பத்தாம் நம்பர் ரூம் ரிப்பேர்னு நாலு மாசமாப் பூட்டிக் கிடக்கு. தூசி விரல் கனத்துக்கு இருக்கு. பார்த்துக்க ஒரு ஆள் இல்ல."

அவர் முகம் மாறியது. "விரல் கனத்துக்கா?" என்றார்.

அன்று சாயங்காலமே தோளில் ஒரு கேன்வாஸ் பையோடு வந்து நின்றார். தூசிக்காக வந்த மனிதர் அவர். கண்டக்டர் அதை இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்.

எட்டு மாதத்தில் அவர் செய்ததை எண்ணிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். ராணுவக் காகிதங்களுக்காக மூன்று அலுவலகங்களுக்கு நடந்தார். எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் நின்றார். பெரிய மருத்துவமனையின் துணிக் கிடங்கில் வேலை கிடைத்தது. சலவையிலிருந்து வரும் போர்வைகளை மடித்து, அடுக்கி, வார்டு வார்டாக அனுப்பும் வேலை. ஒரு மாதம் கழித்து அங்கிருந்த தலைமை நர்ஸ் எனக்குப் போன் செய்தார். நம்பரைப் பார்த்ததும் என்ன தகராறோ என்று நினைத்தேன். "இவரைப்போல இன்னும் ரெண்டு பேர் உங்க வீட்ல இருக்காங்களா?" என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். பக்கத்திலிருந்த கண்டக்டரிடம், "கேட்டுக்குங்க" என்று போனையே நீட்டினேன்.

வீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் என்னை உறுத்தியது. அவர் அறைக்குள் எப்போது போனாலும், அன்றுதான் கட்டி முடித்த அறைக்குள் நுழைவதுபோல இருக்கும். மேசை வெறுமையாக இருக்கும். அலமாரிக்குள் ஒன்றும் இருக்காது. கை கழுவும் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, துணியால் ஒற்றி எடுத்துவிடுவார். கட்டிலில் விரிப்பு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், மேலே காசைச் சுண்டினால் எகிறும். முதல் நாள் அப்படிக் கட்டியவர், அது கலையக் கூடாது என்று அதன்மேலேயே இன்னொரு போர்வையைப் போட்டுப் படுப்பாராம். சோப்பு, துண்டு தவிர அவருடைய சகல சொத்தும் அந்தக் கேன்வாஸ் பைக்குள் கட்டப்பட்டு, கதவோரம் நிற்கும்.

விடுதி வார்டனாக இருந்தவளுக்கு இப்படி ஓர் அறையைப் பார்த்தால் சந்தோஷம் வரத்தானே செய்யும்? எனக்கும் வந்தது. மற்றவர்களிடம், "பட்டாளத்தைப் பாருங்க, கத்துக்குங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். பின்னால் வந்த வினைக்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் எட்டு மாதம் அறை தற்காலிகம்தான். அதன் பிறகு வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, ஆள் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறார் என்று எழுதினால் நிரந்தரம் ஆகும். இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு அறை போய்விடும். இதில் நியாயம் இருக்கிறது. அறையை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிறவர்கள் உண்டு. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "நாளை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்." அந்தச் சொல்லை எழுதிய கை என்னுடையதுதான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

மற்றவர்களுக்கு அது வெறும் சொல். கண்டக்டர் போய்ப் பழைய சாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், அவ்வளவுதான். பட்டாளத்துக்கு அப்படியில்லை. பதினேழு வருடம் அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எலும்புவரை பழகியவர். கொஞ்சநஞ்சம் வெளியே இருந்த சோப்பு, பல்துலக்கும் பிரஷ், துண்டு எல்லாவற்றையும் பைக்குள் கட்டினார். தரையைத் தேய்த்தார். ஜன்னல் கண்ணாடியில் கைரேகை இல்லாமல் துடைத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரியோடு மாடிக்குப் போனேன். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண், கையில் படிவம் செருகிய அட்டை. பத்தாம் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலுக்குப் பக்கத்தில், தோளில் பையோடு, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார் நம் ஆள். பார்வை நேராக எதிர்ச்சுவரில்.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். காலி மேசை, திறந்து வைத்த காலி அலமாரி. பிறகு அந்தப் பையைப் பார்த்தார்.

"கிளம்பறீங்களா சார்?"

"தயார் மேடம்!" என்றார் இவர், கட்டடம் அதிர.

"இல்லம்மா, அவர் சொல்ல வந்தது அது இல்ல" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் எழுத ஆரம்பித்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். 'அறை காலி. குடியிருப்பவர் வெளியேறத் தயார் நிலையில்.'

"எட்டு மாசமா இங்கதான் இருக்கார். நான் சாட்சி" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. போன மாசம் இன்னொரு வீட்ல பொறுப்பாளரே இப்படி எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் பார்த்தா அந்த ரூம்ல ஆறு மாசமா ஆளே இல்ல. நான் என் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா ரூம் அடுத்தவருக்குத்தான்."

அதிகாரி போன பிறகும் அவர் விறைப்பாகவே நின்றார். "ஏதாவது குறை சொன்னாங்களா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம்போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பையை மெதுவாக இறக்கிக் கதவோரம் வைத்தார்.

கண்டக்டருக்கு உடனே யோசனை பிறந்தது. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா சாவியம்மா? ரூமைக் கெடுக்கறதுக்கு எங்கிட்ட விடுங்க. எனக்கு அதுல முப்பது வருஷ அனுபவம்."

பட்டாளம் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நானும் கண்டக்டரும் அந்த அறையைக் கெடுத்தோம். போன வருடக் காலண்டர், பழைய பத்திரிகைகள், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நாற்காலிமேல் அலட்சியமாக எறிந்த துண்டு. நான் என் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் பூச்செடியும் ஜன்னல் திரையும் பாதி குடித்த டீயும் வைத்தேன். டீயை நான்தான் குடித்தேன், உண்மைபோல இருக்கட்டும் என்று. முடித்துவிட்டுப் பார்த்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இது யார் ரூம் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை என் அலுவலக மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே எல்லாப் பொருளும் மடித்து, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. டீக் கப் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. மேலே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கண்டக்டர் பொருள்கள். மேடம் பொருள்கள். சரிபார்த்துக்கொள்ளவும்.'

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மாடி ஏறியதே தெரியவில்லை.

"உங்களுக்கு ரூம் வேணுமா, வேணாமா? எட்டு மாசமா ஒரு கப்பைக்கூட வெளிய வைக்கல. இங்க என்ன, எதிரியா வரப்போறான்? யாரு கண்ணுல படக்கூடாதுன்னு இவ்வளவு துடைக்கறீங்க?"

பேசிய பிறகுதான் வார்த்தை மீறிவிட்டது என்று புரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் கட்டிலில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றார். அன்றுதான் அவர் என்னோடு ஒரேயடியாகப் பத்து நிமிடம் பேசினார்.

"பட்டாளத்துல என் வேலையே அதுதான் மேடம். முகாமுக்கு இடம் பார்க்க எல்லாருக்கும் முன்னாடி போவோம். இடத்தைச் சுத்திப் பார்த்து அதிகாரிகிட்ட ரிப்போர்ட் சொல்லணும். கிளம்பும்போது நாங்கதான் கடைசி. இங்க ஆள் இருந்தாங்கங்கற அடையாளமே இருக்கக்கூடாது. சாம்பல், குழி, கயிறு கட்டின தடம்கூட. எங்க குழு போன இடத்துல ஒரு தீக்குச்சி கிடைச்சதில்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சரி, அது அங்க."

"வெளிய வந்தப்புறம் நல்லாத்தான் இருந்தேன். டெலிவரி வேன் ஓட்டினேன். வாடகை வீடு. அவளும் நானும்தான், குழந்தை இல்ல. அவளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம், நாலே நாள். திரும்பி நான் மட்டும் வந்தேன்." ஜன்னல் விளிம்பில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார். "வீட்டுக்குள்ள வந்தா எங்க பார்த்தாலும் அவதான். சீப்புல முடி. கட்டில்ல அவ பக்கம் மட்டும் பள்ளம். சுவத்துல அவ சாஞ்சு உக்கார்ற இடத்துல எண்ணெய்க் கறை. பாதி படிச்ச பத்திரிகைமேல கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் போயிருந்தா. அடையாளம் இல்லாமப் பண்றதுதானே நமக்குத் தெரிஞ்ச வேலை? ஒரு மாசம் முயற்சி பண்ணினேன் மேடம். அந்த வீட்டை மட்டும் என்னால சுத்தம் பண்ண முடியல. கண்ணாடியை மட்டும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, சாவியை ஓனர் வீட்டு வாசல்ல வச்சுட்டு நடந்துட்டேன்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நீங்க எப்படி இருக்கணுமோ அப்படியே இருங்க. ஆனா ரூம் போயிடும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றேன்.

"முன்னாடின்னா போனாப் போகட்டும்னு சொல்லியிருப்பேன்" என்றார் அவர். "இப்ப சொல்ல முடியல மேடம். அதுதான் பயமா இருக்கு."

யோசித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தேன். அந்த ஆளுக்கு அறை வேண்டும். இழந்துவிடுவோமோ என்று பயப்படும் அளவுக்கு வேண்டும். ஆனால் அதற்காக ஒரு பொய் துண்டை நாற்காலிமேல் எறிய அவருக்கு மனசு வராது. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டாவது தடவை அதிகாரி வரும் தேதி நெருங்கியது. பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தவள், முதல் எழுத்தைப் போடுவதற்கு முன் நின்றுவிட்டேன். பொதுப் பலகையே வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அவர் கதவில் ஒட்டினேன்: 'நாளை காலை பதினோரு மணிக்கு உங்கள் வீட்டைப் பார்க்க ஒருவர் வருகிறார்.'

வேலை முடிந்து வந்தவர் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"யார் வீட்டை மேடம்?"

"உங்க வீட்டைத்தான்."

இன்னொரு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து டொக் டொக் என்று நாலு சத்தம் கேட்டது. எனக்கா தெரியாது அது என்ன சத்தம் என்று! செருப்பைக்கூடப் போடாமல் ஏறிப்போய் ஒன்பதாம் அறைக் கதவைத் தட்டினேன். "ஆணியா அடிக்கறீங்க?" கண்டக்டர் வாயில் பாதி ரொட்டியோடு விழித்தார். "சத்தியமா நான் இல்ல சாவியம்மா! இந்த வீட்ல எது நடந்தாலும் என் தலையிலதானா?" அறைக்குள் புகுந்து நாலு சுவரையும் பார்த்துவிட்டு, எதுவும் கிடைக்காமல் எரிச்சலோடு இறங்கி வந்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அதே பெண் வந்தார். பத்தாம் அறைக் கதவு இந்தத் தடவை சாத்தியிருந்தது. தட்டினோம். "வாங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. அந்த ஒரு சொல்லே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் உள்ளே பார்த்ததும் அது வடிந்துவிட்டது. அதே வெறும் மேசை. அதே இழுத்துக் கட்டிய கட்டில். தரை பளபளவென்று இருந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அதிகாரி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "அம்மா, இது போன தடவை மாதிரியேதான்..."

"மேடம்," என்று இவர் குறுக்கிட்டார். அவர் குறுக்கிட்டு நான் பார்த்ததே இல்லை. "ரிப்போர்ட் சொல்லலாமா?"

"என்ன ரிப்போர்ட்?"

அவர் அறை நடுவில் வந்து நின்றார். விறைப்பாக நின்றார், ஆனால் தோளில் பை இல்லை.

"பத்தாம் அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒண்ணு. இப்போதைக்கு ஏழு பத்துக்கு வெயில் உள்ள வரும். எட்டே முக்காலுக்குக் கட்டில் காலைத் தொடும். ஒன்பதரைக்கு வெளிய போயிடும். மழைக்காலத்துல வெயில் கிடையாது, ஆனா சாயங்காலம் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில பட்டுத் திரும்பிக் கொஞ்சம் வெளிச்சம் வரும். குழாய் முக்கால் சுத்துக்கு மேல திறக்கக்கூடாது. திறந்தா கீழ ஏழாம் நம்பர்ல குழாய் உறுமும், அந்தம்மா விளக்கமாத்தால தட்டுவாங்க. ரெண்டு தடவை தட்டியிருக்காங்க. ரெண்டும் என் தப்பு. தரையில ஜன்னலுக்கு நேரா மூணாவது கல்லு ஆடும், அட்டை மடிச்சு வச்சிருக்கேன். ஜன்னல் கொக்கி உடைஞ்சிருந்துச்சு, போன மாசம் மாத்தினேன். கதவு மழையில உப்பும், லேசா மேல தூக்கித் தள்ளணும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டர். தூக்கத்துல 'உள்ள போங்க, உள்ள போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க'ன்னு சத்தம் போடுவார். வாரத்துக்கு மூணு நாள். முதல்ல நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். இப்ப அது கேக்காட்டித்தான் முழிப்பு வருது."

வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்ற கண்டக்டர், "நான் எப்பய்யா கத்தினேன்?" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"ஜன்னல் விளிம்புல ஒரு மூக்குக் கண்ணாடி," என்று தொடர்ந்தார் அவர். அப்போதுதான் நானும் பார்த்தேன். பழைய பெண்கள் கண்ணாடி, ஒரு காலில் நூல் சுற்றியது, கழற்றி வைத்த மாதிரியே விரித்து வைக்கப்பட்டிருந்தது. "என் மனைவியோடது. ஏழு வருஷமாப் பையில இருந்துச்சு. நேத்துலேர்ந்து அங்க இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

"கடைசியா ஒண்ணு மேடம்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. இந்தத் தடவை அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கதவுக்குப் பின்னால ஆணி ஒண்ணு. நேத்து சாயங்காலம் அடிச்சது. அனுமதி வாங்கல. விதி தெரிஞ்சேதான் அடிச்சேன். கண்டக்டர் பேர்ல தப்பில்ல."

கதவை இழுத்துப் பார்த்தேன். சுவரில் ஒரு ஆணி. ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது, விழுந்த பூச்சைத் துளிகூட இல்லாமல் கூட்டி எடுத்திருந்தார். ஆணியில் அந்தக் கேன்வாஸ் பை தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லாமல், தட்டையாக, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தேன். அவருடைய இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், காகிதங்கள், சோப்பு, துண்டு, நாலாக மடித்த என் தாள். எல்லாம் தட்டுகளில் இருந்தன.

அதிகாரி என்னைப் பார்த்தார். "சுவத்துல ஆணி அடிக்க உங்க வீட்ல அனுமதி இல்லன்னு விதி எழுதியிருக்கே?"

"நான் அனுமதி குடுத்தேன்" என்றேன்.

"எப்ப?"

"இப்ப."

கண்டக்டர் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது, என்னையும் சேர்த்து.

அந்தப் பெண் மேசையில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். நான் நாகரிகம் பார்க்காமல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'குடியிருக்கிறாரா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினார். அடுத்தது 'ஆதாரம்'. கொஞ்சம் யோசித்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'ஆணி ஒன்று. அவரே அடித்தது.'

கீழே வந்து வழியனுப்பும்போது அதிகாரி, "பை இன்னும் தோள்லயே இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேம்மா" என்றார். எனக்கும் தெரியும் என்றேன். மேலே திரும்பிப் போனபோது பட்டாளம் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் அறையிலிருந்து அடுப்பும் கப்பும் வாங்கிவந்து எங்களுக்கு டீ போட்டிருந்தார். குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் கப்புகளைக் கழுவ எடுத்தேன். "இருக்கட்டும் மேடம்," என்றார், "அப்புறம் கழுவிக்கலாம்."

அந்தப் படிவத்தின் நகல் இப்போது என் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ராணுவப் பதக்கம் ஏதோ என்று நினைத்துக் கிட்டே போய்ப் படிக்கிறார்கள். அதை மாட்டுவதற்கு ஓர் ஆணி வேண்டியிருந்தது. சுத்தியலோடு வந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"நேராக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."